கார்முகில் பஸ்ஸின் ஏழாவது பாட்டு

உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ்களில், நெற்றியில் கார்முகில் என்று எழுதியிருந்த பஸ்ஸின் டிரைவர் தெய்வசிகாமணி ஒருவன்தான் பாட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறவன். மற்ற டிரைவர்கள் எல்லாம் யாரோ யாருக்கோ ஏற்றிக் கொடுத்த பென்டிரைவைச் சொருகிக்கொண்டு, ஒரு பாட்டின் தலையில் இன்னொரு பாட்டின் வால் ஒட்டியிருந்தாலும் கவலைப்படாமல் ஓட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் செல்போனுக்குள் இருந்த ஒரு பாட்டுக் கடையில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் எடுக்கிறவனைப் போல யோசித்து யோசித்து வாங்கினான். நாற்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் அமையாமல், வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முதலாளியின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பாட்டுகள்தான் இருந்தன.

அந்தக் கடைக்காரர்கள் பாட்டை விற்கும்போதே, வாங்கினவன் அதைப் படியெடுத்துப் பிறத்தியாருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு அவ்வப்போது எங்கோ இருக்கிற கம்பெனியைக் கூப்பிட்டு, இவன் நம்ம ஆள்தானா என்று கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தால்தான் திறக்கும். இதெல்லாம் சிகாமணிக்குத் தெரியாது. கம்பெனி நொடித்துப்போய்க் கடையைச் சாத்தியதும், பூட்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போய், ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அவன் வாங்கின பாட்டு அத்தனையும் வாயை மூடிக்கொண்டன.

அவன் கம்பெனிக்குக் கூப்பிட்டபோது, கடைசியாக வேலையில் மிச்சமிருந்த ஒரு பெண் போனை எடுத்தாள்.

"சார், நீங்க வாங்கினது பாட்டு இல்ல சார். பாட்டுக் கேக்கறதுக்கு அனுமதி."

"அப்ப பாட்டு எங்கம்மிணி இருக்குது?"

"உங்க போன்லதான் சார் இருக்கு. பூட்டியிருக்கு."

"என்ற வூட்டுக்குள்ள ஒரு ரூமைப் பூட்டிப்போட்டுச் சாவிய நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

அந்தப் பெண் சற்று யோசித்து, "ஆமா சார், அப்படித்தான் வெச்சுக்கங்க" என்றாள். "வேற யாராவது எங்க கம்பெனிய வாங்குனா, அவங்க தொறந்து விடலாம். உங்க புகாரைப் பதிஞ்சுக்கறேன்." அத்தோடு அந்த நம்பரும் போய்விட்டது.

மறுநாள் காலை ஊர் எல்லை தாண்டி, செம்மேட்டு வளைவில் வண்டி நேர்ரோட்டுக்கு வந்ததும், பழக்கதோஷத்தில் சிகாமணியின் விரல் போய் முதல் பாட்டை அமுக்கியது. போன் திரையில் பாட்டு ஓடுவதற்கு அடையாளமான கோடு நகர்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து நிசப்தம் வந்தது. பாட்டு வராமலிருப்பது வேறு, நிசப்தம் வருவது வேறு என்பதை கார்முகில் பஸ்ஸில் ஏறினவர்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். ஏனென்றால் அது தண்ணீர் நிரம்புவது போல முன்சீட்டிலிருந்து பின்னால் வந்து, என்ஜின் சத்தத்தையும், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதையும், தேங்காய் வியாபாரியின் இருமலையும், கண்டக்டர் அபுதாகிர் "தாராபுரம், தாராபுரம்" என்று கூவியதன் கடைசி எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தது. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இருந்துவிட்டு, அது முடிந்ததும் வடிந்தது. இருமல் பாதியிலிருந்து தொடர்ந்தது.

முதல் நாள் பயந்தார்கள். ஒரு அம்மாள் காதில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள், ஒரு போலீஸ்காரர் தன் விசிலை ஊதிப் பார்த்தார். இரண்டாம் நாள், "நேத்துப் போட்டீங்களே, அதையே போடுங்க" என்று கைக்குழந்தைக்காரி ஒருத்தி கேட்டாள். குழந்தை அன்றைக்குத்தான் முதல்தடவையாக வழியெல்லாம் தூங்கியதாம். அந்த வாரத்துக்குள் எந்தப் பாட்டின் நிசப்தம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டது: முதல் பாட்டின் நிசப்தம் பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்றும், மூன்றாவதன் நிசப்தத்தில் கால் தானாகத் தாளம் போடுகிறதென்றும், ஐந்தாவது சோகப் பாட்டாக இருந்திருக்க வேண்டும், தொண்டையை அடைக்கிறதென்றும் பேசிக்கொண்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தால் நிசப்தம் முன்சீட்டுகளோடு நின்றுவிடுகிறது என்று பின்சீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததால், சிகாமணி குமிழை ஒரேயடியாகக் கடைசிவரை திருகி வைத்தான். அதற்குப் பிறகு அது பஸ்ஸை நிறைத்து ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு கை நீளத்துக்கு வழிந்தது. ஹாரன் கேட்காது என்பதால் ஊருக்குள் போடுவதில்லை, வளைவிலிருந்து ஓடைப்பாலம் வரையிலான நேர்ரோட்டில் மட்டும்தான் என்று அபு ஒரு சட்டம் வைத்தான். நடுவே இறங்குகிறவர்கள் அபுவின் தோளைத் தொட, அபு டிரைவரின் தோளைத் தொடுவான். போட்டி பஸ்ஸில் நல்ல நல்ல பாட்டாக ஓடியும் கூட்டம் கார்முகிலுக்குத்தான் நின்றது.

பிறகு ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். யார் முதலில் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை, தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் எதை வேண்டுமானாலும் வாய்விட்டுச் சொல்லலாம் என்பதை. சொல்ல முடியாததை வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்து சந்தைக்குப் போகிற மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, கை வீசி, கழுத்து நரம்பு புடைக்கச் சொல்லித் தீர்த்துவிட்டு, பாட்டு முடிந்ததும் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை எடுத்துத் தின்றார்கள். அடுத்தவர் வாயைப் பார்க்கக் கூடாது என்பதும், பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதும் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிறுத்துவதைப் பற்றி மட்டும் ஒருநாள் அந்த மருமகள் கேட்டாள்.

"ஏனுங்ணா, தவறிக்கிவறி நடுவுல நின்னுக்காதுங்களே?"

"நான் நிறுத்தினாத்தானம்மிணி நிக்கும்" என்றான் சிகாமணி. "நிறுத்தமாட்டேன். பயப்படாமப் பேசுங்க."

ஆனால் டிரைவருக்குத் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறது. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களைப் பார்ப்பதற்காக வைத்த அந்தக் கண்ணாடியில், எல்லோருடைய வாயும் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தான். பார்க்கப் பார்க்க, மனிதர்கள் யாரும் கேட்காதபோது பெரிய ரகசியம் ஒன்றையும் சொல்வதில்லை, ஒரு பெயரையோ, ஏன் என்கிற கேள்வியையோ, திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது.

மூன்றாவது வரிசையில் உட்காருகிற பட்டத்தரசி மட்டும்தான் ஜன்னல் பக்கம் திரும்பாதவள். தென்னைநார் மில்லுக்கு வேலைக்குப் போகிறவள், புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு இருக்கிறவள், அவ்வளவுதான் அபுவுக்குத் தெரியும். மற்றப் பாட்டுகளின்போது பையை மடியில் வைத்துச் சும்மா இருப்பாள். ஏழாவது பாட்டு வந்ததும் நிமிர்ந்து, நேராக முன்னால் பார்த்து, கண்ணாடிக்குள் சிகாமணியின் கண்ணையே பார்ப்பது போலப் பார்த்து, ஒரே வார்த்தையைச் சொல்வாள். உதடு ஒட்டும், பிரிந்து வாய் அகலமாகத் திறக்கும், மறுபடி ஒட்டும், மறுபடி திறக்கும். தினமும் அதே பாட்டு, அதே வார்த்தை. அதற்குள் காத்தாடிக்காடு வந்துவிடும், ரோட்டின் இரண்டு பக்கமும் மின்சாரக் காத்தாடிகள் பனைமரத்தைப் போல ஐந்தாறு மடங்கு உயரத்தில் நின்று சத்தமில்லாமல் சுற்றும், பாட்டு முடியும், அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

என்ன அது? குளிக்கும்போதும் பல் விளக்கும்போதும் சிகாமணி தன் வாயை அதேபோல ஒட்டித் திறந்து பார்த்தான். தாராபுரம் டீக்கடையில் அபுவிடம் செய்துகாட்டினான்.

"பாம்புன்னு சொல்லுதோ என்னமோ" என்றான் அபு.

"பாம்புன்னா கடைசில வாய் குவியும். இது தொறக்குது பார்."

அபு டம்ளரை வைத்துவிட்டு உதட்டை ஒட்டினான், திறந்தான், ஒட்டினான், திறந்தான். அப்புறம் சத்தம் சேர்த்துச் செய்தான். "மா… மா." சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அண்ணா," என்றான் அபு மெதுவாக, "ரோட்டைப் பார்த்து வண்டிய ஓட்டுங்ணா."

சிகாமணி ரோட்டைப் பார்த்தான், ஆனால் முன்போல் இல்லை. முடி வெட்டிக்கொண்டான். மீசைக்கு மை போட்டான். ஒரு பெண் தன்னை மாமா என்று கூப்பிடுகிற குரல் எப்படி இருக்கும், அவள் வாய் இவ்வளவு அகலமாகத் திறக்கிறதே, கத்திக் கூப்பிடுகிறாளா, அழுதுகொண்டு கூப்பிடுகிறாளா, அதைக் கேட்காமலே இந்தப் பிறவி போய்விடுமா என்று யோசித்து, யோசித்து, ஆடி மாதத்துக் காற்றில் காத்தாடிகள் எல்லாம் பேய் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏழாவது பாட்டு நடுவில் இருக்கும்போது, அவள் உதடு ஒட்டுகிற நேரம் பார்த்து, விரலை நீட்டிப் பாட்டை நிறுத்திவிட்டான்.

பஸ் முழுக்கப் பேச்சு வெடித்தது.

"…அந்தக் கெடேரிக் கன்ன வித்தவன் நாந்தான் மாப்ளே…" "…செத்துத் தொலையேன் கெழவி…" "…சோத்துல கல்லப் போட்டுக் குடுக்கறாளே…" "…எனக்குப் பயமா இருக்குது, பயமா இருக்குது…" இது அந்தப் போலீஸ்காரர். எல்லாவற்றுக்கும் மேலே, தூரத்தில் இருக்கிற ஒருத்தரைக் கூப்பிடுகிற குரலில், பட்டத்தரசி.

"பாப்பா! பாப்பா!"

சிகாமணியின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி ஓரத்தில் நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தங்கள் குரலையே கேட்டுத் திகைத்து வாயை மூடினார்கள். முதலில் பேசியது மாமியார்க்காரிதான்.

"ஏன்டி, தெனமும் இதத்தான் சொல்லிட்டு இருந்தியா?"

"நீங்க என்ன தேவாரமா பாடுனீங்க?" என்றாள் மருமகள். ஆனால் இரண்டு பேரின் கோபமும் உடனே டிரைவர் மேல் திரும்பியது. பஸ்ஸே அவன்மேல் திரும்பியது. நிறுத்தமாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்களே, எங்க வாயைப் புடுங்கிப் பார்க்கறதுக்கா இத்தனை நாளாப் போட்டீங்க, நீயெல்லாம் மனுசனா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கிடேரிக்காரன் எழுந்தே வந்துவிட்டான். அபு குறுக்கே நின்றானே ஒழிய, அவனும் சிகாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிகாமணி சீட்டிலிருந்து இறங்கி அவர்களைப் பார்த்து நின்றான். பொய் எதுவும் அவனுக்கு வாயில் வரவில்லை.

"தப்புத்தானுங்க" என்றான். "இந்தம்மா என்னையப் பார்த்து என்னமோ சொல்றாங்கன்னு… மாமான்னு கூப்பிடறாங்கன்னு நெனச்சுட்டனுங்க. அதக் கேக்கோணும்னு ஆசையாப் போச்சு."

வெளியே காத்தாடி ஒவ்வொரு சுற்றுக்கும் உஸ் என்றது. அப்போது பட்டத்தரசி சிரித்தாள். சிரித்து யாரும் பார்த்திராதவள், முந்தானையை வாயில் வைத்தும் அடங்காமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். அந்தத் தண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை.

"உங்களையா பார்த்தேன்?" என்றாள். "முன் கண்ணாடி வழியா அந்த வூட்டப் பார்த்தனுங்க. அதா, நீலக் கதவு. எம்பொண்ணு அங்கதான் இருக்குது. காத்தாடிக்கு வாச்மேனா இருக்கற பையனக் கட்டிக்கிச்சு. வேற சாதி. அவ பேர இனி இந்த வூட்டுல சொன்னா நீயும் வெளிய போயிடோணும்னு எங்கண்ணன் சொல்லீட்டாரு. பேர நான் எப்பவும் சொன்னதில்லீங்க, பாப்பான்னுதான் கூப்புடுவேன். அதையும் சொல்லாம இருந்தா வாய் மறந்துருமேன்னு இங்க வந்து சொல்லிக்கறேன்."

எல்லோரும் முன் கண்ணாடி வழியாக அந்த நீலக் கதவைப் பார்த்தார்கள்.

"எறங்குங்க" என்றாள் மாமியார்க்காரி. "வண்டி நிக்குது. ஓடிப்போய்ப் பார்த்துட்டு வாங்க."

"இன்னைக்கு வேண்டாங்க. இந்த நார்த்தூசிச் சேலையோட எப்படிப் போறது?" என்று சொல்லிவிட்டுப் பட்டத்தரசி தலையைக் குனிந்துகொண்டாள். அது சேலைக்காகச் சொன்னதில்லை என்று தெரிந்தவர்கள் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலையில் பாதிப் பேர் போட்டி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரும் சிகாமணியிடம் முகம் கொடுக்கவில்லை. பட்டத்தரசி வந்தாள், கத்தரிப்பூ நிறத்துச் சேலையில், கையில் ஒரு பெரிய துணிப்பையோடு. ஏறும்போதே டிக்கெட்டுக்குக் கை நீட்டிய அபுவிடம், "காத்தாடிக்காட்டுக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். அப்படி ஒரு நிறுத்தமே இல்லாததால் அபு என்ன கிழிப்பது என்று தெரியாமல் தாராபுரத்துக்கே கிழித்துக் கொடுத்தான்.

"வூட்டுச் சாவிய அண்ணிகிட்டக் குடுத்துட்டேன்" என்று பொதுவாகச் சொன்னாள். "திரும்பி வந்தாச் சேர்க்கமாட்டாங்க."

வளைவு தாண்டியும் சிகாமணி பாட்டுப் போடவில்லை. போடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தான். என்ஜின் சத்தத்தோடேயே ஆறு பாட்டு ஓடுகிற தூரம் போனார்கள். காத்தாடிகள் தெரிய ஆரம்பித்ததும் பட்டத்தரசி எழுந்து வந்து கம்பியைப் பிடித்து நின்றாள்.

"ஏழாவதப் போடுங்க. ஒருக்காச் சொல்லிப் பார்த்துட்டு எறங்கிக்கறேன்."

அவன் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். போலீஸ்காரர் தலையசைத்தார். மருமகள், "போடுங்ணா, இன்னைக்கு நாங்க ஒண்ணும் பேசமாட்டோம்" என்றாள். அவன் போட்டான். நிசப்தம் வந்து எல்லோரையும் நிறைத்தது. நீலக் கதவுக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். பட்டத்தரசி படியில் நின்று, யாரும் கேட்காமல் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நிசப்தத்தின் ஓரத்தைத் தாண்டி, வெயிலும் சத்தமும் இருக்கிற பக்கம் போய், வீட்டின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கதவு திறக்கவில்லை. மறுபடி வாய் திறந்தாள். அபு படிக்கட்டிலிருந்து உடம்பை வெளியே நீட்டி, காதை நிசப்தத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, உள்ளே திரும்பிக் கையை விரித்தான். குரல் வரவில்லை. சத்தமில்லாமலே கூப்பிட்டுப் பழகிய அந்தத் தொண்டை, சத்தம் இருக்கிற இடத்திலும் சத்தமில்லாமலே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வேலியின் கேட் பூட்டியிருந்தது. அவள் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள், வாய் அகலமாகத் திறந்து, திறந்து. அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி பஸ்ஸைப் பார்த்தாள்.

சிகாமணி ஹாரனை அமுக்கினான். அவனுக்கே கேட்கவில்லை. பாட்டை நிறுத்தினால்தான் ஹாரன் கேட்கும் என்று உறைத்து, போனை நோக்கி விரலைக் கொண்டுபோனான். அது தொடுவதற்குள், எங்கோ ஒரு ஊரில், சாத்திக் கிடந்த அந்தப் பாட்டுக் கடையை வாங்கின வேறு ஒரு கம்பெனியின் ஆள் ஒருவர், அத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டேயிருந்த பூட்டுகளுக்கு, ஆமாம், இவன் நம்ம ஆள்தான் என்று பதில் போட்டார்.

ஏழாவது பாட்டு வந்தது. கடைசிவரை திருகி வைத்த குமிழின் முழுச் சத்தத்தில், நாயனமும் தவிலும் உருமியுமாக அது பஸ்ஸின் ஜன்னலையெல்லாம் உதறிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. மின்கம்பியில் இருந்த காகங்கள் பறந்தன. காதைப் பொத்திக்கொண்டவர்கள், இதுதானா அது, இவ்வளவு நாளும் நம் மேல் ஓடிக்கொண்டிருந்தது இதுதானா என்று ஆச்சரியத்தோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். நீலக் கதவு திறந்தது. யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம் இந்தக் காட்டுக்குள் வருகிறது என்று பார்ப்பதற்காக, கையில் தோசைத் திருப்பியோடு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள்.

அவள் ஓடி வரவில்லை. நடந்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, தோசைத் திருப்பியை ஆட்டி ஆட்டி நீளமாக என்னவோ கேட்டாள். பட்டத்தரசி அதற்கு என்னவோ சொன்னாள். அந்தப் பெண் மறுபடி கேட்டாள். கேட்டுக்கொண்டே கேட்டின் பூட்டைத் திறந்தாள்.

"சத்தத்தக் கொறைங்க டிரைவரே!" என்று பின்சீட்டிலிருந்து கிடேரிக்காரன் கத்தினான். "என்ன பேசறாங்கன்னு கேப்போம்!"

சிகாமணியின் கை குமிழுக்குப் போனது. இரண்டு பேரின் வாயும் இங்கிருந்தே நன்றாகத் தெரிந்தது, கொஞ்ச நேரம் பார்த்தால் அவனால் படித்துவிடவும் முடியும். அவன் கையை எடுத்து கியரைப் போட்டான். பாட்டின் சத்தம் அந்த வீட்டைக் குழப்பாத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்று, அந்த நேர்ரோட்டில் இதுவரை ஓட்டாத வேகத்தில் வண்டியை ஓட்டினான்.